பிரேக் பிடித்த வண்டி

ஏரிச் சேற்றில் ஓட்டுவதற்காக ஜெகன் மாற்றிக் கட்டச் சொன்ன ஜீப், உத்திரமேரூரில் மெக்கானிக் கோபாலின் பட்டறையில் ஜாக்கிமேல் நின்றது.

"வீல் ஹப்பு ஒரு வண்டியுது, பிரேக்கு வேற வண்டியுதா? சேருமாண்ணா?" என்றான் ஜெகன்.

"லேத்துல கடைசல் புடிச்சி சேத்துட்டேன் தம்பி. இந்த பிரேக்கு நல்லா புடிக்கும்."

"எந்த வண்டியுது?"

"பழையசீவரத்துல ஆக்சிடென்ட் ஆச்சே, அந்த மினி லாரியுது."

ஜெகன் பதறினான். "டிரைவர் செத்துப்போன வண்டியா? பிரேக்கு புடிக்காமதான செத்தான்! கயட்டுணா."

"புடிச்சுது தம்பி. குறுக்க ஓடியாந்த கொயந்த மேல ஒரு கீறல் இல்ல. டிரைவர்தான் பெல்ட்டு போடல. கண்ணாடிய ஒடச்சிக்கினு ரோட்டுல வியுந்துட்டான்."

"இன்னாணா, கூட இருந்து பாத்தாப்புல சொல்ற?"

கோபால் பிரேக் டிரம்மைத் துணியால் துடைத்தார்.

"அன்னிக்கு காலைல நான்தான் பிரேக்க டைட் பண்ணி அனுப்புனேன். பெல்ட்டையும் போட்டுக்கடான்னேன். அப்பன் பேச்ச எந்தப் புள்ள கேக்குது?"