பெரிதாக்கிய படம்

அறிவுமதி செஞ்சியில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோகும் நாள். கூடத்தில் சந்தன மாலையோடு தாத்தாவின் படம் தொங்கியது. அவள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்.

“எம் பொட்டியில தாத்தா போட்டோ ஒண்ணு இருக்குது, எடுத்துப் பாரும்மா” என்று அவளைப் பெற்ற நைனா பலமுறை சொல்லியிருந்தார். அவர் இறந்துபோன பிறகுதான் அவளுக்குப் பெட்டியைத் திறக்க நேரம் கிடைத்தது.

நைனாவைத் தோளில் சுமந்துகொண்டே தாத்தா ராஜகிரிக் கோட்டை ஏறிய கதையை, வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள்.

“இன்னா களையான முகம்! டீச்சர், உங்களுக்கு அப்படியே அவரு மூக்கு” என்றாள் உடன் வேலை பார்க்கும் காயத்ரி.

அறிவுமதிக்குப் பெருமை தாங்கவில்லை.

சிங்கவரத்திலிருந்து பவுனம்மாள் அத்தை வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

“பாருங்க அத்தை, உங்க நைனா!”

அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முகம் மாறியது.

“இவரு எங்க நைனா இல்லம்மா. நைனா கூலிக்குப் போன நிலத்துக்காரரு.”

“பெட்டியில இந்தப் போட்டோதானே அத்தை இருந்துச்சு!”

“இதேதான். பக்கத்துல நைனா அவருக்குக் குடை புடிச்சிகினு நிப்பாரு. எங்க நைனா இருக்குற ஒரே போட்டோ அது. ஏம்மா, இதுல அவரைக் காணோமே?”

அறிவுமதியால் அத்தையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவரிடம் அவள்தான் சொல்லியிருந்தாள்:

“பக்கத்துல நிக்கற வேலைக்காரரை எடுத்துட்டு, தாத்தாவை மட்டும் பெருசாக்குங்க.”