வெளியே போ

எழுத்துத் தேர்வு நடந்த அறையிலிருந்து அம்மா கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள். வராந்தாவில் ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் பதறிப்போனார்.

"என்னம்மா ஆச்சு?"

"டீச்சர் கேட்டதுக்கெல்லாம் நானே பதில் சொல்லிட்டிருந்தேன். என் பொண்ணு என்னை வெளியே போகச் சொல்லிட்டா."

"பெத்தவளையா? பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க!"

அதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா வந்து சேர்ந்தார். அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, நம்ம பொண்ணு வாக்கியம் எழுதிட்டா! 'அம்மா', 'வெளியே', 'போ'. மூணு அட்டையையும் அவளே பொறுக்கி எடுத்து அடுக்கினா!"

மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்த மகள். பேச்சு வராது, பென்சிலும் பிடிக்க வராது; அவளுக்கு எழுத்துத் தேர்வு என்றால் வார்த்தை அட்டைகளை எடுத்து வைப்பதுதான். இந்தப் பதினாறு வயதுவரை ஒரு வார்த்தை அட்டைக்கு மேல் அவள் எடுத்ததே இல்லை.

அப்பா கதவைத் தட்டக்கூட மறந்து உள்ளே ஓடினார். போன வேகத்திலேயே, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"ஏங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"'அம்மா' அட்டையை எடுத்துட்டு, அங்க 'அப்பா'வை வெச்சுட்டா!"