தினமும் போகிற ஊர்

“இருபது வருஷமா தினமும் தனியா வந்து ஊர் சுத்தியாச்சு. இன்னிக்காவது எங்களைக் கூட்டிட்டு வர மனசு வந்துச்சே!” தீவுத் துறைமுகத்தில் இறங்கும்போதே கணவனைக் குத்திக்காட்டினாள் மனைவி.

“அப்பா, கடைத்தெரு எந்தப் பக்கம்?” என்றாள் மகள்.

அவர் திருதிருவென்று விழித்து, வாசலில் இருந்த பழக்காரியிடம் வழி கேட்டார்.

மனைவியின் முகம் மாறியது. “அப்போ இத்தனை வருஷம் இங்க என்னதான் பண்ணீங்க?”

பழக்காரி முந்திக்கொண்டாள். “படகை ஓட்டிட்டு வருவாரும்மா. பத்தே நிமிஷத்துல திருப்பிட்டுப் போயிடுவாரு. தரையில கால் வச்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

“வீட்ல வந்து இந்த ஊரைப் பத்தி அளந்ததெல்லாம்?”

“பயணிங்க பேசிக்கிட்டு வருவாங்க” என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

மனைவி அவர் கையை இறுகப் பிடித்தாள். “வழியெல்லாம் கேக்காதீங்க. வாங்க, மூணு பேரும் தொலைஞ்சு போவோம்.”