மூன்று வேளை

முதலில் தரைதான் சாய்ந்தது.

அவள் சாயவில்லை. சந்தனக் கிண்ணத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு நேராகத்தான் குனிந்தாள். நாத்தனார் சுபாவின் ஒரு கன்னத்தில் பூசியாயிற்று. மறு கன்னத்துக்கு விரல் போவதற்குள் மண்டபம் மெல்ல எழுந்து சுற்றத் தொடங்கிவிட்டது.

வளையல் தட்டு. ஏழு வகைச் சாதம். மணையில் உட்கார்ந்திருந்த சுபா. அவளைச் சூழ்ந்து நின்ற பட்டுப்புடவைகள். எல்லாம் கரைந்து ஒரே நிறமாக ஓடின.

இடது காதுக்குள் மாவு மில் ஓடியது.

கிண்ணம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

காலை மாத்திரை, என்று நினைத்தாள். வளைகாப்பு அவசரத்தில் இன்று அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குக் கிடைத்தது ஒரு சட்டைப் பொத்தான். கணவன் கபிலனின் சட்டை. அவன்தான் ஓடிவந்து தாங்கியிருந்தான்.

பொத்தானையே பார்த்தாள். அது நின்றது. அதைச் சுற்றி மற்றவை ஒவ்வொன்றாக நின்றன.

இனிப் பயமில்லை. அவனுக்குத் தெரியும்.

காதுக்குள் நீர் கூடிப்போகிறது, அதனால்தான் நிலை தடுமாறுகிறது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவன் அவன். அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றவன். சொல்லியும் விட்டான். மறுநாளிலிருந்தே அத்தை மாறிப்போனாள். மூன்று வேளையும் வெந்நீர் டம்ளரோடு வந்து நின்றாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை நகர மாட்டாள். படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொள்வாள். கனமான குடத்தைத் தூக்க விட மாட்டாள்.

இரண்டு வருஷம். பெற்ற அம்மாகூட அப்படிப் பார்த்ததில்லை.

மேலே குரல்கள் மொய்த்தன.

"காலையில சாப்பிட்டாளா இல்லையா?"

"அட, மூஞ்சியப் பாருங்க. இது அந்தத் தலைசுத்தல்தான்!"

"சுபா, உனக்குப் போட்டிக்கு ஆள் வந்தாச்சுடி!"

இல்லை என்று தலையசைத்தாள். அசைத்திருக்கக் கூடாது. மண்டபம் இன்னொரு முறை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

வெட்கம் என்று சிரித்தார்கள்.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கை நிறையச் சர்க்கரை. அதில் ஒரு சிட்டிகை அவள் வாய்க்குள் போனது. அத்தையின் கண்கள் நிறைந்திருந்தன.

"எத்தனை நாள் தள்ளிப்போச்சு தாயி?"

அவள் கணவனைப் பார்த்தாள். சொல், காதுதான் என்று சொல். பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று சொல்.

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாப்பத்தஞ்சு நாள்மா."

நாற்பது இல்லை. ஐம்பது இல்லை.

"பாருங்கடி, புருசங்காரன் எண்ணிக்கிட்டே இருந்திருக்கான்!"

சிரிப்பு கூரைவரை போய்த் திரும்பி வந்தது. சர்க்கரை நாக்கில் கரையாமல் கிடந்தது. தோளில் இருந்த அவன் கை லேசாக அழுத்தியது.

அவள் கை தானாகப் பைக்குள் போயிற்று. மாத்திரை அட்டையை எடுத்தது. பழகிய கை. ஒன்றைப் பிதுக்குவதற்குள் அத்தை அதை மெதுவாக, மிக மெதுவாக, அவள் விரல்களிலிருந்து கழற்றிக்கொண்டாள்.

"இனி எதுக்குத் தாயி இது? அதான் பலிச்சிருச்சுல்ல."

பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"குழந்தைக்குன்னே குடுக்குற மாத்திரை. மதுரைக்குப் போயி எம்புள்ளதான் வாங்கிட்டு வந்தான். ரெண்டு வருசமா என் கையாலதான் குடுத்தேன்."

மூன்று வேளையும். வெந்நீரோடு.

படிக்கட்டில் பிடித்த கை. தூக்க விடாத குடம்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுகூட அவளுக்கானதாக இல்லை.

"பேர் என்னக்கா?" என்று யாரோ கேட்டார்கள். "எம்மருமகளுக்கும் ஆறு வருசமாச்சு."

அட்டை கைமாறியது. கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து எழுத்துக்கூட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து மெலிந்த பெண் ஒருத்தி தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். முப்பது வயதிருக்கும். அட்டையை உள்ளங்கையில் ஏந்தி வாங்கினாள், கோயில் பிரசாதம் வாங்குவதுபோல. போனை எடுத்து, அட்டையை வெளிச்சம் படும்படி திருப்பிப் படம் பிடித்தாள்.

கபிலனின் கை இன்னும் தோளில்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். தரை அவளைத் தாங்கும் என்று நிச்சயமில்லை. இரண்டு எட்டு வைத்து அத்தையின் தோளைப் பற்றிக்கொண்டாள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். அத்தைக்கு மட்டும் கேட்டால் போதும். காதருகே குனிந்தாள். மாவு மில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் தன் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று அவளுக்குத் தெரிவதில்லை.

"அத்தை, அது என் காதுக்கு. நான் முழுகாம இல்ல."

மெதுவாகத்தான் சொன்னாள்.

அப்படித்தான் நினைத்தாள்.

சிரிப்பு நின்றது. பேச்சு நின்றது. இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை.

வலது காதும் போய்விட்டதென்றே நினைத்தாள், சுபா வாயைப் பொத்த, இரண்டு கை வளையல்களும் குலுங்கும்வரை.