பரம சாது

அந்தக் கடையில் விற்ற துப்பாக்கியால் இதுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இழப்பீடு கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அது எப்படி என்று பார்க்க வந்த இன்சூரன்ஸ் அதிகாரி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

வந்த வாடிக்கையாளர் பரம சாது. லைசென்ஸை இரண்டு கைகளாலும் பவ்யமாக நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

கடைக்காரர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு இளித்தார். “எதுக்குய்யா உனக்கு இது? பொண்டாட்டி மதிக்கலையா?”

“மரியாதையாப் பேசுங்க.”

“வீட்ல கெடைக்காத மரியாதை இங்க வேணுமாக்கும்?”

சாதுவின் முஷ்டி கடைக்காரரின் மூக்கை உடைத்தது. தலைமயிரைப் பிடித்துக் கண்ணாடி மேஜையில் மோதினார். ரத்தம் தெறித்தது. அதிகாரி நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார்.

சாது துப்பாக்கியை எடுத்துக் கடைக்காரரின் நெற்றியில் அழுத்தினார். “செத்துத் தொலைடா!”

விசையை இழுத்தார். ‘க்ளிக்’ என்றது. உள்ளே குண்டு இல்லை.

விறைத்து நின்றவரிடமிருந்து கடைக்காரர் துப்பாக்கியை மெல்ல வாங்கிக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க சார். உங்களுக்கு விக்க மாட்டேன். போயிட்டு வாங்க.”

பிறகு மூக்கைத் துண்டால் பொத்தியபடி அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார்.

“சுடற ஆளுங்கெல்லாம் இங்கயே என்னைச் சுட்டுட்டுப் போயிடறாங்க சார். அப்புறம் வெளிய யாரைச் சுடப் போறாங்க?”