எல்லைக்கு வெளியே மோர்மிளகாய்

விதைக்காக மட்டுமே மிளகாய் பயிரிடும் ஊர் அது. அந்த ஊர் விதை என்றால் கலப்பிருக்காது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அதனால் வேறு மிளகாய் எதுவும் ஊருக்குள் வரக் கூடாது. இதே போல விதைக்குப் பயிரிட்ட பக்கத்து ஊரில் யாரோ தாளிக்க மிளகாய் கிள்ளியபோது உதிர்ந்த விதையைக் கொல்லையில் கொட்டிவிட்டார்கள். அது முளைத்துப் பூத்து, மகரந்தம் கலந்துவிட்டதென்று பக்கத்து ஊர் வயல் முழுவதையும் கொளுத்த வேண்டியதாயிற்று.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பொன்ராணி, டப்பாவில் தயிர்ச்சோறும் பொரித்த மோர்மிளகாயும் வைத்திருந்தாள். மிளகாய் விதை பட்டால் அலறும் மிஷின் வைத்த எல்லைச் சாவடியில் அன்று காவல்முறை அவள் அப்பா சீனிச்சாமிக்கு.

"பொரிச்சது எப்படிப்பா முளைக்கும்?"

"முளைக்காதுன்னு எனக்குத் தெரியுது தாயி. மிஷினுக்குத் தெரியணுமே? கத்தி ஊரைக் கூட்டிரும்."

சாவடிக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு மிளகாய் மிச்சமில்லாமல் அவள் சாப்பிட்டு முடித்தாள். சீனிச்சாமி டப்பாவைக் கழுவினார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினார். அவள் சேலை மடிப்பை உதறச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப் போனார்.

பாதையின் இருபுறமும் ஒரே அளவில், ஒரே சிவப்பில் பழங்கள் தொங்கின.

"நம்ம மிளகா ரொம்பக் காரமாப்பா?"

எண்ணி வைத்ததில் ஒரு பழம் குறைந்தாலும் அந்த வயலின் விதையை வாங்க மாட்டார்கள். சீனிச்சாமி நடந்தபடியே சொன்னார்.

"வாங்கிட்டுப் போறவுக அப்படித்தான் சொல்றாக."