ஆறு மாத முன்னேற்றம்

ஜீப் ஹாரன் அலறியதும் நான்காம் வகுப்பு சட்டென்று அடங்கியது. வட்டாரக் கல்வி அலுவலர் சொல்லாமல் வந்து இறங்கியிருந்தார். பிள்ளைகளிடம் முன்னேற்றம் இல்லையென்றால் தற்காலிக ஆசிரியை தமயந்திக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை.

அவர் நேராகச் சுவர் அட்டவணையிடம் போனார். ஜூனில் அவரே வந்து சோதித்தபோது இருபது பெயருக்கும் சிவப்புப் பொட்டு; ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. டிசம்பரில் தமயந்தி ஒட்டியவை இருபதும் பச்சை.

"ஆறே மாசத்துலயா? அடேங்கப்பா! மந்திரம் ஏதும் போட்டீங்களாம்மா?"

"தினமும் சாயங்காலம் தனியா உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தேன் சார்."

"அப்போ பாத்துடுவோம்." பையிலிருந்து ஜூனில் காட்டிய அதே வாசிப்பு அட்டையை எடுத்து, முதல் வரிசையில் இருந்த ஜெசிந்தாவிடம் நீட்டினார். "படி, பாப்பா."

ஜெசிந்தா அட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. தமயந்தி அவசரமாக அவள் பக்கம் குனிந்தாள்.

"படிம்மா ஜெசி, உனக்குத்தான் நல்லாத் தெரியுமே!"

ஜெசிந்தா குழப்பத்தோடு திரும்பினாள்.

"இந்த சார் வந்தா தெரியாத மாதிரிதானே நிக்கணும், மிஸ்?"